நடக்கக் கூடாத மாடி

சொந்த வீட்டில் நடப்பதற்கு அனுமதி கேட்க வேண்டிய நிலை எனக்கு அறுபத்தோரு வயதில் வந்தது.

"பாட்டு ஓடறப்போ மாடிக்கு வராதே. வந்துட்டாலும் நடக்காதே" என்றார் என் கணவர்.

வந்த பிறகு நடக்காமல் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அப்படியே நில்லு. ஒரு சைடு முடியட்டும்."

கேலியாகச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய இருபது நிமிஷமாவது ஆகும். ஈரத் துணி நிறைந்த வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியின் உச்சியில் அந்த இருபது நிமிஷமும் நான் நின்றிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. இதை எழுதும்போது அவர் மேல் வருகிற கோபத்தைவிட, வாயை மூடிக்கொண்டு நின்ற என் மேல் வருகிற கோபம்தான் அதிகம்.

எங்கள் வீடு கரமனையில், ஆற்றை நோக்கி இறங்கும் அக்ரஹாரத் தெருவில் கடைசி வீடு. என் அம்மா வழியாக எனக்கு வந்தது. கீழே சிமென்ட் தரை. மேலே மச்சு, அதாவது மர உத்தரங்களின் மேல் பலகை அடித்த தளம். நல்ல ஆஞ்சிலிப் பலகை. இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட உளுக்கவில்லை. ஆனால் உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் இடைவெளி அதிகம். நடுவில் கால் வைத்தால் பலகை ஒரு நூல் தாழ்ந்து எழும். அறையின் ஒரு மூலையில் நடந்தால் மறு மூலையில் அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். சின்ன வயதிலிருந்து எனக்குப் பழகிய சத்தம் அது.

அந்த மச்சின் மேல்தான் கணவர் இசைத்தட்டு பிளேயரைக் கொண்டுவந்து வைத்தார்.

அவர் ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், நாஞ்சில் நாட்டுக்காரர், தன் ஃபிளாட்டில் முதலில் ஒரு பிளேயர் வாங்கினார். அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மாதத்தில் பிளேயர், ஆம்ப்ளிஃபையர், இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டு என்று எல்லாம் வந்து இறங்கின. கீழே கூடத்தில் வைக்கலாமே, சிமென்ட் தரை அசையாதே என்று நான் சொன்னேன். தெருச் சத்தம், பஸ் ஹாரன், என் மிக்சி என்று மூன்று காரணம் சொல்லி மாடியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பாட்டு பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் நாள் சாயங்காலம் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டார். அந்தக் குழலின் மூச்சுகூடக் கேட்டது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்து எழுந்தேன். இரண்டே எட்டு. 'டக்' என்று ஒரு சத்தம். நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்த ராகம் அந்தரத்தில் அறுந்து வேறெங்கோ போய் விழுந்தது. நெய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

நடந்தது இவ்வளவுதான். தட்டில் தலைமுடி போல மெல்லிய பள்ளம் இருக்கிறது. அதற்குள் முள் ஓடுகிறது. நான் கால் வைத்தால் பலகை அசைகிறது, பலகை மேல் இருக்கும் மேசை அசைகிறது, மேசை மேல் இருக்கும் பிளேயர் அசைகிறது, முள் பள்ளத்தை விட்டுத் துள்ளுகிறது. குற்றம் பலகைக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கிறது. தண்டனை மட்டும் என் காலுக்கு.

சரிசெய்ய அவர் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். நண்பரோடு ஃபோனில் மணிக்கணக்காகப் பேசினார். கணினியில் எவர் எவரோ எழுதியதை எல்லாம் படித்தார். முதலில் பிளேயரின் காலடியில் ரப்பர் வட்டங்கள் வைத்தார். முள் துள்ளியது. ரப்பர் பந்துகளைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தார். இன்னும் அதிகமாகத் துள்ளியது. மெத்தைக் கடையிலிருந்து ஸ்பாஞ்ச் வாங்கி வந்து, அதன் மேல் கடப்பைக் கல் ஒன்றை வைத்து, கல்லின் மேல் பிளேயரை ஏற்றினார். கல்லைத் தூக்கி வந்த இரண்டு பேரும் மாடிப்படியைத் திட்டிக்கொண்டே போனார்கள். அதன்பின் நான் நடந்தால் முள் உடனே துள்ளாது. கல் மெதுவாக முன்னும் பின்னும் ஆடி, ஒரு நொடி கழித்துத் துள்ளும். அசையும் தரை மேல் மெத்தென்ற பொருளை வைத்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும். ஊஞ்சல் மேல் தூளி கட்டின கதை அது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நகரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் லேபில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் நான். பேராசிரியை இல்லை, லேப் அசிஸ்டென்ட். கருவிகளை எடுத்து வைப்பதும் துடைப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அங்கே ஒரு கருவி உண்டு. நூலைவிட மெல்லிய இழையில் குட்டிக் கண்ணாடி ஒன்று தொங்கும். அதன் மேல் விளக்கொளி பட்டு எதிரே அளவுகோலில் ஒரு வெளிச்சப் புள்ளியாக விழும். வராந்தாவில் யாராவது ஓடினால் போதும், புள்ளி பேயாட்டம் ஆடும். அதனால் அதை நாங்கள் ஒருநாளும் மேசையில் வைத்ததில்லை. கனத்த சுவரில் பதித்த கல்பலகையில்தான் வைப்போம். தரை ஆடினாலும் சுவர் ஆடாது. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்ட விஷயம் இது.

ரப்பர் பந்து காலத்திலேயே அவரிடம் சொன்னேன். "ஏன்னா, இதைத் தரையிலேந்து எடுத்துடுங்கோ. சுவத்துல கம்பி அடிச்சு அது மேல வைங்கோ. எங்க லேப்ல அப்படித்தான்."

"அது லேபாக்கும். இது ஆடியோ. வேற சப்ஜெக்ட்."

"ரெண்டுக்கும் தரை ஒண்ணுதானே?"

"உனக்கு இது மனசிலாகாது. சும்மா இரு" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்து நண்பரிடம் ஸ்பாஞ்சின் கனம் பற்றிப் பேச ஆரம்பித்தார். முப்பத்தொரு வருஷம் நான் தினமும் காலையில் பஸ் பிடித்து எங்கே போய் வந்தேன் என்று இந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்? கோயிலுக்கா?

ஆனால் சும்மாதான் இருந்தேன். நுனிக்காலில் நடக்கக் கற்றுக்கொண்டேன். உத்தரம் எங்கெங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் அதன் மேல் மட்டும் கால் வைத்து, கழைக்கூத்தாடி போலக் குறுக்கே போய்த் துணி உலர்த்தினேன். மாடிச் சன்னலைச் சாத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாலைந்து மாதத்தில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி, படி இறங்க முடியாமல் போயிற்று. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "நடக்கறது எப்படி? குதிகால் ஊனாம நடக்கிறீங்களா?" என்று கேட்டார். வீட்டில் பாட்டுப் பெட்டி குதிக்கிறது என்பதால் நான் குதிகால் ஊன்றுவதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "பழக்கம்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்கு நேர்ந்ததோடு நின்றிருந்தால் இது இப்படியே போயிருக்கும். நான் பொறுத்துக்கொண்டே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பொறுத்தது பெருமை இல்லை.

எங்கள் வீட்டில் பெருக்கித் துடைக்க ஒரு பெண் பதினொரு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. மலையாளக்காரி. எங்கள் தெருவில் வேலை செய்தே தமிழ் பேசப் பழகியவள். என் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் இவள்தான் கூட இருந்து தூக்கி உட்கார வைத்தாள். ஒல்லியான உடம்பு, ஆனால் வேலையில் வேகம். அந்த வேகத்தைத்தான் நான் பல மாதமாகத் தடுத்துக்கொண்டிருந்தேன். அவள் படியேறும் ஒவ்வொரு தடவையும், "மெல்ல நட, மெல்ல நட" என்று பின்னாலிருந்து சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரும் நண்பரும் இன்னும் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து புதிதாக வந்த தட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கீழே சமையலில் இருந்தேன். பாட்டு நின்றிருந்த ஒரு இடைவேளையில் அவள் வாளியும் துடைப்பமுமாக மேலே போயிருக்கிறாள். அவள் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பக்கத்தைப் போட்டுவிட்டார்கள். அவள் வாளியைத் தரையில் வைத்தாள். வைத்தது மட்டும்தான்.

சர்ரென்று முள் தட்டின் குறுக்கே இழுபட்ட சத்தம் எனக்கு அடுக்களை வரை கேட்டது. அதைத் தொடர்ந்து கணவரின் குரல்.

"ஆனையாட்டம் நடந்து நடந்து எல்லாத்தையும் நாசமாக்கியாச்சு! அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? இனிமே இந்தப் படி ஏறப்படாது, கேட்டியா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவள் எதிரே படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். துடைப்பத்தைப் பின்கட்டில் வழக்கமான இடத்தில் சாத்தினாள். கைகாலைக் கழுவினாள். "போயிட்டு வரேம்மா" என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள். மேலே நான்கு ஆண்களும் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல் எத்தனை நீளம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. "வேற ஆளா கிடைக்காது?" என்றார் கணவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று மாறிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரச் சொன்னாள். தான் உட்காரவில்லை.

"அவர் அப்படிச் சொல்லியிருக்கப்படாது. நான் மாப்பு கேட்டுக்கறேன்" என்றேன்.

"அம்மா என்னத்துக்கு கேக்கணும்? அம்மாவா சொன்னது?" என்றாள். பிறகு கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "நான் முழுசா அம்பது கிலோ தெகச்சு இல்ல. நாலு ஆம்பளைங்க இருந்த எடத்துல என்னைப் போயி ஆனைன்னு விளிச்சாரே. அவங்க எல்லாரும் என்னோட காலை நோக்கினாங்கம்மா. அதாக்கும் எனக்குப் பொறுக்காம போனது."

நான் தலையைக் குனிந்தேன்.

"ஒண்ணு பறயட்டா? அம்மாவும்தான் 'மெல்ல நட, மெல்ல நட'ன்னு எத்தனை தடவை சொன்னது. நான் அப்பவே நெனச்சேன், எனக்கு நடக்கத் தெரியாதோன்னு. வீட்ல வந்து மக கிட்ட கேட்டேன், 'மோளே, நான் நடந்தா பாரமா தோணுதா'ன்னு."

அங்கிருந்து திரும்பும்போது பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன். அவமானமாக இருந்தது. ஒரு மேசையை எங்கே வைப்பது என்ற சின்ன விஷயம். அதைச் செய்ய மாட்டாமல், பதினொரு வருஷம் எங்கள் வீட்டைச் சுத்தமாக வைத்திருந்த ஒருத்தியை, தன் காலைப் பற்றித் தன் மகளிடம் கேட்க வைத்திருக்கிறோம். அதில் என் பங்கும் இருக்கிறது. விடை தெரிந்தும் 'சும்மா இரு' என்றதும் சும்மா இருந்தவள் நான்தானே.

அந்த வாரம் கணவரும் நண்பரும் மலையடிவார ஊரான விதுராவுக்குப் போனார்கள். அங்கே ஒரு வீட்டில் பழைய இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றனவாம். இரண்டு இரவு தங்கி, எல்லாவற்றையும் பார்த்துப் பொறுக்கி எடுத்து வருவதாகத் திட்டம். அவர் பஸ் ஏறிய அடுத்த அரை மணி நேரத்தில் நான் மாடிக்குப் போனேன். நடந்துதான் போனேன், குதிகால் ஊன்றி.

கிழக்குச் சன்னல் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. ஒரு அகலமான கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து மேசை மேல் வெயில் படும்படி வைத்தேன். தண்ணீரில் பட்ட வெளிச்சம் மேல்கூரையில் ஒரு வட்டமாக விழுந்தது. ஒரு எட்டு வைத்தேன். வட்டம் சிதறி நடுங்கியது. அடுத்து, கிண்ணத்தைக் கனத்த சுவரில் இருக்கும் சன்னல் திட்டில் வைத்தேன். அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வட்டம் கொஞ்சம் சிலிர்த்தது, அவ்வளவுதான். எந்தச் சுவர் என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. இடது பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு சேர்ந்தது. அங்கே மாடத்தில் கிண்ணத்தை வைத்துக் கைவிளக்கை அடித்துப் பார்த்தால், அவர்கள் கிரைண்டர் ஓடும்போது வட்டம் விடாமல் அதிர்ந்தது. வலது பக்கம் ஆற்றுக்கு இறங்கும் சந்து. அந்தச் சுவர் எங்களுடையது மட்டும். ஒன்றரை அடி கனம், வெட்டுக்கல். அதில்தான் வைக்க வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு மொத்தம் இருபது நிமிஷம் ஆயிற்று. அவர்கள் நாலு பேர் எட்டு மாதம் பேசியிருந்தார்கள்.

பஸ் பிடித்துப் பழவங்காடிக்குப் போய் ஒரு இரும்புக் கடையில் முக்கோணத் தாங்கி இரண்டு கேட்டேன், கனமாக, ஒரு ஆளே ஏறி நின்றாலும் தாங்குகிற மாதிரி. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "டிவிக்கா மாமி? அதுக்கு இவ்வளவு கனம் வேண்டாம். சாரை அனுப்புங்க, நான் சொல்லிக் கொடுக்கறேன்" என்றார்.

"சாருக்கு நான் சொல்லிக் கொடுத்துக்கறேன். நான் கேட்டதை நீங்க எடுங்கோ" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் எடுத்தார்.

எங்கள் வீட்டுப் பூச்சு வேலைகளுக்கு வழக்கமாக வரும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அம்மா, இது வெட்டுகல்லு. சாதா ஆணி நிக்காது. உள்ள நல்லா ஆழமா தொளச்சு, கம்பியை எறக்கி, சிமென்ட் வெச்சு உறப்பிக்கணும். மூணு நாள் தொடக் கூடாது."

"மூணு நாள் இல்லை, நாலு நாள் விடறேன். நீங்க போடுங்கோ" என்றேன். மட்டக்கோலை நானே பிடித்தேன். தாங்கி நீர்மட்டமாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் சிமென்ட் வைக்க விட்டேன். மேஸ்திரி கருவிகளைப் பைக்குள் அடுக்கினார். போகும்போது, "அம்மாக்கு பணி அறியும்" என்றார். எட்டு மாதத்தில் அந்த மாடியில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

சிமென்ட் காய்ந்துகொண்டிருக்கும்போதே கணவர் திரும்பி வந்தார். ஒரு பை நிறையத் தட்டுகள். நேராக மாடிக்குப் போனார். அவர் கத்துவார் என்று தெரிந்து நான் பின்னாலேயே போனேன்.

"இதென்ன? யாரைக் கேட்டு சுவத்தைத் தொளைச்சே?"

"இது யாராத்துச் சுவர்? எங்கம்மா ஆத்துச் சுவர். என்னைக் கேட்டுண்டேன், நான் சரின்னேன்."

"பழைய சுவராக்கும். பேந்து விழுந்தா?"

"ஒன்றரை அடி வெட்டுக்கல். உங்க கடப்பைக் கல்லும் பிளேயரும் அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாளன்னிக்கு வரைக்கும் யாரும் தொடப்படாது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருந்தது.

மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து, ஸ்பாஞ்சின் மேல் கிடந்த கடப்பைக் கல்லைத் தூக்கித் தாங்கியின் மேல் வைத்தார். கல்லின் மேல் பிளேயரை நான் வைத்தேன். ஸ்பீக்கர்களைத் தரையிலேயே விட்டேன். அவற்றையும் அதே கல்லில் வைத்தால் அவற்றின் அதிர்வே முள்ளைப் பிடித்துக்கொள்ளும். கணவர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"போடுங்கோ" என்றேன்.

போட்டார். முள் இறங்கியது. நான் அறையின் நடுவில், பலகை அதிகம் தாழும் இடத்தில் நடந்தேன். பாட்டு ஓடியது. திரும்பி வேகமாக நடந்தேன். அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. பாட்டு ஓடியது. கடைசியில் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். எட்டு மாதக் கோபமும் அந்த மிதியில் இருந்தது. கீழே அடுக்களையில் ஏதோ ஒரு மூடி உருண்டு விழுந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவை நட" என்றார்.

நடந்தேன்.

"கொள்ளாம், நன்னாத்தான் இருக்கு" என்றார். அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அத்தோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு படியேறும்போது நாஞ்சில் நாட்டு நண்பரின் குரல் கேட்டது.

"சாரே, பிரமாதம்! நாம ரப்பரு, பந்துன்னு என்னெல்லாம் பண்ணினோம். இந்த ஐடியா எங்கேந்து பிடிச்சீரு?"

"ரொம்ப நாளா யோசிச்சுண்டே இருந்தேன்" என்றார் என் கணவர். "தரையிலேந்து விடுவிச்சுடணும். அதாக்கும் முக்கியம்."

நான் காப்பித் தட்டைப் பலகைத் தளத்தின் மேல் டமாரென்று வைத்தேன். இரண்டு டம்ளர் கவிழ்ந்தது. முள் துள்ளவில்லை.

"யார் யோசிச்சா?" என்று கேட்டேன்.

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரப்பர் பந்தை வெட்டிண்டிருந்தபோதே சுவத்துல வைங்கோன்னு சொன்னது யார்? வேற சப்ஜெக்ட்னு சொன்னது யார்? இரும்புக் கடைக்குப் போனது யார்? இத்தனை நாள் கெண்டைக்கால் வலிச்சது யாருக்கு?"

"ஆளுக்கு முன்னாடி என்ன இது?" என்றார் அவர் தணிந்த குரலில்.

"அவளை நீங்கோ ஆளுக்கு முன்னாடிதானே ஆனைன்னு சொன்னேள்? இதே ஆட்களுக்கு முன்னாடி?"

நண்பர் கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தார். "மாமி சொல்லுறது நியாயந்தான்" என்று வாய்க்குள் சொன்னார். அன்றைக்கு அவர் தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியுமுன்பே கிளம்பிவிட்டார். மற்றவர்களும் போனார்கள்.

தனியாக இருக்கும்போது கணவரிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "நீங்கோ பாலத்தைத் தாண்டி அவாத்துக்குப் போகணும். நான் கூட வர மாட்டேன்."

"நீதான் போய்ச் சொல்லிட்டு வந்தாச்சே."

"நான் சொன்னது என் பங்குக்கு."

திங்கட்கிழமை காலை குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அங்கே நடந்ததை மறுநாள் அவள் வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

"சார் வாசல்ல நின்னு, 'தப்பு என்னோடதாக்கும். உன் காலுக்கு ஒரு குத்தமும் இல்லை'ன்னு சொன்னாரு. உள்ள வரச் சொல்லி ஒரு கட்டன் சாயா கொடுத்தேன். குடிச்சாரு. மகளும் கேட்டுட்டு நின்னா, அம்மா. அது நல்லதாப் போச்சு."

ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஒரு விஷயம் சார் கிட்டயும் சொல்லிட்டேன். கீழ எல்லா பணியும் செய்யறேன். மச்சுக்கு மட்டும் நான் இனி ஏற மாட்டேன். சுவத்துல வெச்சாச்சு, குதிக்காதுன்னு சாரு சொன்னாரு. செரி. குதிக்காட்டாலும் எனக்கு வேண்டாம்."

அவளை வற்புறுத்த எனக்கு வாய் எழவில்லை. எந்த உரிமையில் வற்புறுத்துவது? மாடியை இப்போது கணவர்தான் பெருக்குகிறார். மோசமாகப் பெருக்குகிறார். சுவர் ஓரமெல்லாம் தூசி அப்படியே கிடக்கிறது. நான் போய்த் திருத்துவதில்லை. அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறேன், எழுந்து நடக்கிறேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு மத்தியானம் நாஞ்சில் நாட்டு நண்பரின் மனைவி எனக்கு ஃபோன் செய்தாள். இரண்டொரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறோம், அதிகப் பழக்கமில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

"மாமி, நீங்க ஏதோ சுவத்துல மாட்டி சரியாக்கிட்டீங்கன்னு அவுங்க சொன்னாங்க. இங்கயும் அதே கதைதான். கொஞ்சம் வந்து பாக்க முடியுமா?"

"வரேன். அதுக்கு ஏன் இப்படி ரகசியம் பேசறேள்?"

"உள்ள ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருக்கு."

"பேச்சுக்கு முள் துள்ளாதும்மா. யார் சொன்னா துள்ளும்னு?"

"அவுங்கதான் சொன்னாங்க" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுடையது கான்கிரீட் தரை. அங்கே நடந்தாலே அவ்வளவாகத் துள்ளாது. தடதடக்கிற அலமாரி ஏதாவது ஒன்றின் மேல் வைத்திருப்பார்கள். அதற்காக ஒரு பெண் தன் வீட்டில் வாயைத் திறக்காமல் எத்தனை நாள் இருந்தாளோ.

"இப்போ சாதாரணமாப் பேசுங்கோ. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்" என்றேன்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கேக்குதா மாமி?" என்றாள், முழுக் குரலில்.

"நன்னாக் கேக்கறது."

அவளுக்குப் பின்னால் பாட்டு எங்கும் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அவளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். அதன்பின் அவள் பேச ஆரம்பித்தாள். மிக்சி போடக் கூடாது, குக்கர் விசில் கூடாது, பேரப்பிள்ளைகள் வந்தால் ஓடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. எந்த நம்பர் பஸ் அவர்கள் ஃபிளாட் வாசலில் நிற்கும் என்று மட்டும் கடைசியில் கேட்டுக்கொண்டேன்.